சுத்தியலின் இருபது அடிகள்

போன வாரம் இந்த வீட்டை விட்டு நாம் கிளம்பும்போது, சுத்தியல் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, தன் கூந்தலைத் தானே பின்னிக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவை. பின்னல் கோணலாகத்தான் வந்தது. அதைப் பார்த்த மாமியார் அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினாள் என்பதுவரை சொல்லியிருந்தேன்.

இன்று சனிக்கிழமை. பின்னல் கொஞ்சம் நேராகியிருக்கிறது.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சுத்தியல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாலிபால் களத்தில் வலைக்கு மேலே எம்பி அவள் ஒன்று போட்டால், பந்து எதிர்ப்பக்கத் தரையில் ஆணி அடித்த மாதிரி இறங்கும். அதனால் வந்த பெயர். வயது இருபத்தொன்பது. நான்கு வருடமாகக் கிளப் அணியின் கேப்டன்.

அதே அணியில் அவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள் அவளுடைய நாத்தனார். வீட்டில் அவள் 'சின்னவள்'. முதலில் இருவரும் தோழிகள்தான். "எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டா டெய்லி ஒண்ணாவே பிராக்டீஸுக்குப் போகலாம்" என்று சின்னவள் விளையாட்டாகச் சொன்னது, லிஃப்ட் மெக்கானிக்கான அந்த அண்ணனின் காதில் விழுந்து, கல்யாணத்தில் முடிந்தது.

போன சீசனின் கடைசி ஆட்டம், கடைசிப் புள்ளி. சின்னவள் தூக்கிய பந்து ஒரு சாண் பின்னால் போய்விட்டது. சுத்தியல் உடம்பை வில்லாக வளைத்து அதை எட்டி அடித்தாள். பந்து இறங்கியது. அரங்கமே எழுந்து நின்று கத்தியது. ஜெயித்தவள் மட்டும் வலது தோளைப் பிடித்தபடி முழங்காலில் கிடந்தாள். தோள் மூட்டின் குழியைச் சுற்றி வளையம் மாதிரி இருக்கும் ஜவ்வு கிழிந்துபோயிருந்தது.

பிறகு அறுவை சிகிச்சை. ஆறு வாரம் கை கழுத்துப் பட்டையில் தொங்கியது. உட்கார்ந்தபடியே தூக்கம். மேசையைப் பிடித்துக் குனிந்து கையைச் சும்மா ஆட்டுவதே அன்றைக்கெல்லாம் பெரிய காரியம். அப்புறம் சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஊர்ந்து ஏற விட்டது. ஒவ்வொரு வாரமும் விரல் எட்டிய இடத்தில் மாமியார் பென்சிலால் கோடு போட்டு, திரைச்சீலைக் கடையில் வேலை செய்பவள் என்பதால் இஞ்சி டேப்பை வைத்து அளந்து எழுதினாள். கூடத்துச் சுவரில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. வெள்ளையடிக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இந்த இருபத்து நான்கு வாரமும் சின்னவள் ஓடி ஓடிச் செய்தாள். கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டிவிடுவாள். ஐஸ் பையை நிரப்பித் துணி சுற்றி நீட்டுவாள். ஆனால் அந்தப் பந்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. சுத்தியலும் பேசவில்லை.

இன்று காலை பத்து மணிக்குப் பரிசோதனை. மாலை ஐந்து மணிக்குள் புதிய சீசனுக்கான பதினான்கு பேர் பட்டியலைக் கோச் அனுப்பியாக வேண்டும். பிசியோவின் கையெழுத்து கிடைத்தால் சுத்தியலின் பெயர் அதில் இருக்கும். கிடைக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. இருபத்தொன்பது வயதுக்காரிக்கு ஒரு வருடம் என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நீயும் வாடி" என்றாள் மாமியார், செருப்பை மாட்டியபடி.

"கடையில ஆள் இல்லம்மா. மதியத்துக்கு மேலதான் விடுவாங்க." சின்னவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். "அண்ணி, ஆல் த பெஸ்ட்" என்று ரப்பர் பட்டையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதைச் சுருட்டி வைக்கப் போனாள்.

"என்னைப் பார்த்துச் சொன்னா குறைஞ்சா போயிடுவ?" என்று சுத்தியல் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

சின்னவள் பட்டையை இன்னும் இறுக்கமாகச் சுருட்டினாள்.

* * *

பிசியோவின் கூடம் இரண்டாவது மாடியில் இருந்தது. சுவரோரம் பெரிய பெரிய காற்றுப் பந்துகள், அடுக்கி வைத்த மணல் மூட்டைகள், இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கக் கம்பிகள். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு கணக்கு டீச்சர் கம்பிகளுக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

அவர் ஒரு சுற்று முடித்து உட்காருவதற்குள் மாமியார் பக்கத்து நாற்காலியைப் பிடித்துவிட்டாள்.

"அதோ உயரமா நிக்குதே, என் மருமக. பேப்பர்ல போட்டோ வந்திருக்கு."

"அப்படியா? எதுக்கு?"

"அடிச்சதுக்கு."

டீச்சர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"பந்தை" என்றாள் மாமியார்.

பிசியோ நாற்பது வயதுக்காரர். அளந்து பேசுகிறவர். ஆறு மாதத்தில் அவர் சுத்தியலிடம் ஒரு தடவைகூட 'சபாஷ்' என்று சொன்னதில்லை. நன்றாகச் செய்தால் "ம்" என்பார். நன்றாகச் செய்யாவிட்டால் "மறுபடி" என்பார். அவ்வளவுதான்.

முதலில் கோணம். மல்லாக்கப் படுக்கச் சொல்லிக் கையை மேலே தூக்கி, வெளிப்பக்கம் திருப்பி அளந்தார். இடது கைக்கும் வலது கைக்கும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம்.

"ம்."

அடுத்து வலு. முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, உள்ளங்கை அகலத்தில் இருந்த கருவி ஒன்றை முன்கையால் வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். எத்தனை கிலோ தள்ளினாள் என்று அது காட்டும். ஒவ்வொரு கைக்கும் மூன்று தடவை. இடது கை சராசரி சரியாகப் பதினைந்து வந்தது.

"வலது கைக்குத் தொண்ணூறு சதவீதம் வேணும். அதாவது பதிமூணரை" என்றார் பிசியோ. "அதுக்குக் கீழ இருந்தா பந்தைத் தொட விடமாட்டேன். நாலு வாரம் கழிச்சுப் பார்க்கலாம்."

நாலு வாரம் கழித்துப் பட்டியல் இருக்காது. அது அவருக்கும் தெரியும்.

சுத்தியல் தள்ளினாள்.

பதிமூன்று புள்ளி இரண்டு.

மாமியார் எழுந்து வந்துவிட்டாள். "மிஷின் சரியா இருக்குதா பாருங்க. எங்க கடை இஞ்சி டேப்பே ரெண்டு வருஷத்துல இழுத்து இழுத்து நீண்டு போயிடும்."

"அம்மா, உட்காருங்க."

"நான் ஒண்ணும் சொல்லல. பாருங்கன்னு சொன்னேன்."

இரண்டாவது தடவை. சுத்தியலின் கழுத்து நரம்பு புடைத்தது. தோளைத் தூக்கிவிடக் கூடாது. தூக்கினால் கழுத்து வேலை செய்யும், தோள் ஓபியடிக்கும். ஆறு மாதமாக அவர் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏறிய பாடம். தோளைக் கீழே இறக்கி, முதுகை நிமிர்த்தித் தள்ளினாள்.

பதிமூன்று புள்ளி எட்டு.

மூன்றாவது தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கம்பிகளுக்கு நடுவே நின்றிருந்த கணக்கு டீச்சர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

பதினான்கு புள்ளி ஒன்று.

பிசியோ பேனாவைத் திறப்பதற்குள் டீச்சர் குரல் கொடுத்தார். "பதிமூணு புள்ளி ஏழு சராசரி. தொண்ணூத்தி ஒண்ணு சொச்சம்."

"பாஸா?" என்றாள் மாமியார்.

"பாஸ்!" என்றார் டீச்சர், தன் மாணவிக்குச் சொல்வதுபோல.

மாமியார் மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். சுத்தியலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பிசியோ மட்டும் காகிதத்தை மூடவில்லை. அவளை மறுபடி படுக்க வைத்து, கையைப் பந்து அடிக்கத் தூக்கும் நிலைக்குக் கொண்டுபோய், மெதுவாகப் பின்னால் சாய்த்தார். "பயம் வருதா?"

"இல்ல சார்."

"தாடை இறுகுது."

சுத்தியல் வாயைத் திறந்து தாடையைத் தளர்த்தினாள்.

"வலு வந்திருக்கு. ஆறு வாரமா சுவத்துல பந்து எறிஞ்சதையும் பார்த்துட்டேன். ஆனா காத்துல வர்ற பந்தை நீங்க இன்னும் அடிக்கல. நான் பார்க்காததை எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்கு உங்க கிளப் ஹாலுக்கு வர்றேன். இருபதே இருபது அடி. தரையில நின்னுதான், குதிக்கக் கூடாது. பாதி வேகம். ஒழுங்கா முடிச்சா அங்கேயே கையெழுத்து. யாரு பந்து தூக்கித் தருவா?"

"இதென்ன கேள்வி?" என்றாள் மாமியார். "எங்க சின்னவ இருக்கா. அவ தூக்கி இவ அடிக்கிறதைப் பார்க்கத்தானே ஊரே வரும்!"

சுத்தியல் தன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

* * *

மூன்று மணிக்கு ஹால் காலியாக இருந்தது. உயரத்துச் சன்னல்கள் வழியாக வெயில் விழுந்து மரத்தரை பளபளத்தது. சுத்தியலின் கணவன் வேலைச் சட்டையோடு வந்து வலையை இழுத்துக் கட்டினான். எந்தக் கயிற்றைக் கண்டாலும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பது அவன் தொழில் பழக்கம்.

சின்னவள் கடையிலிருந்து நேராக வந்தாள். "அண்ணி! தொண்ணூத்தி ஒண்ணாமே! அம்மா கடைக்கே ஃபோன் பண்ணி, எங்க ஓனர்கிட்ட வேற சொல்லியிருக்காங்க!" முகமெல்லாம் பூரிப்பு. ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் அண்ணியை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"தூக்கித் தர்றியா?" என்றாள் சுத்தியல்.

பூரிப்பு அப்படியே வடிந்தது.

"அண்ணா தூக்கித் தரட்டும். நான் பந்து பொறுக்கிப் போடறேன்."

"உங்கண்ணனுக்குப் பந்து எந்தப் பக்கம் ரவுண்டுன்னே தெரியாது."

"வேண்டாம் அண்ணி."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று பந்துகள் வைக்கும் அறைக்குள் போய்விட்டாள். சுத்தியல் பின்னாலேயே போனாள். பழைய வலைகளும் கிழிந்த பாய்களும் அடைந்து கிடந்த சின்ன அறை. சின்னவள் பந்துக் கூடையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"கோச் உன்னைப் பின்வரிசைக்கு மாத்தினதுல இருந்து நீ பந்தே தூக்கறதில்லையாமே."

"கோச் மாத்தல."

"பின்ன?"

"நான்தான் கேட்டேன். இனிமே தூக்க மாட்டேன், பின்னாடி நின்னு எடுத்துக் கொடுக்கிறேன்னு எழுதிக் கொடுத்தேன். நீங்க ஆஸ்பத்திரியில இருந்த அன்னிக்கே." சின்னவளின் குரல் உடைந்தது. "கையை மேல கொண்டுபோனாலே அந்தப் பந்துதான் தெரியுது. ஒரு சாண் முன்னாடி போட்டிருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. உங்களுக்குத் தலை வாரிவிட அம்மா உட்காரும்போதெல்லாம் நான் வெளியே போயிடுவேன், தெரியுமா? பார்க்க முடியாது."

சுத்தியல் கதவைச் சாத்தினாள். அவள் இந்த ஆறு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று தொண்டை வரை வந்து நின்றது. விழுங்கிவிடலாம். பட்டியல் வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

எதிரே நின்றவள் இன்னும் கூடையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். விழுங்க முடியவில்லை.

"அந்தப் பந்தால கிழியல."

"சும்மா சமாதானம் சொல்லாதீங்க."

"ஆபரேஷன் பண்ண டாக்டரே சொன்னார். இது ஒரு நாள்ல கிழிஞ்சது இல்ல, ரொம்ப நாளா நைஞ்சிருக்குன்னு." சுத்தியல் மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்கு அதுக்கு மூணு மாசம் முன்னாலருந்தே வலி. ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னாடி மாத்திரை போட்டுட்டு ஆடினேன். சொன்னா உட்கார வச்சிருவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. உங்கண்ணனுக்கும் தெரியாது."

சின்னவள் கூடையை விட்டாள். இரண்டு பந்துகள் வெளியே உருண்டன.

"டாக்டர் எப்போ சொன்னார்?"

"ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள்."

"மறுநாள்" என்று சின்னவள் திருப்பிச் சொன்னாள். "ஆறு மாசம். நான் தினம் உங்களுக்கு ஐஸ் பை கொண்டுவந்து கொடுத்தேன். தினம். ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் ராத்திரி ஒழுங்கா தூங்கியிருப்பேன் அண்ணி."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"வெக்கமா இருந்துச்சு. கேப்டன்னு சொல்லிக்கிட்டு வலியை மறைச்சு ஆடினேன்னு தெரிஞ்சா நீ என்னை எப்படிப் பார்ப்பியோன்னு... நீ என்னைப் பார்க்கறதையே நிறுத்திட்ட. அது புரிஞ்சும் நான் சும்மா இருந்தேன். தப்பு என்மேலதான்."

சின்னவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். ஹாலைக் கடந்து, அம்மா "எங்கடி போற?" என்று கேட்டதைக் காதில் வாங்காமல், வாசல் வழியே வெளியேறிவிட்டாள்.

* * *

மூன்றரை ஆனது. பிசியோ கடிகாரத்தைப் பார்த்தார். சுத்தியலின் கணவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வலையருகே வந்தான்.

"நான் தூக்கறேன். இதென்ன பிரமாதம்? மேல போடணும், அவ்வளவுதானே."

முதல் பந்து விளக்கில் பட்டது. இரண்டாவது வலைக்கு அந்தப் பக்கம் போனது. மூன்றாவது நேராக மாமியாரின் மடியில் வந்து விழுந்தது.

"லிஃப்டை மட்டும் நேரா மேல அனுப்புவான்" என்றாள் மாமியார், பந்தைத் திருப்பி எறிந்தபடி.

பிசியோகூடச் சிரித்துவிட்டார். சுத்தியல் மட்டும் வாசலைப் பார்த்தாள். வெளியே ஒரு வேனின் ஹாரன் கேட்டது. யாரும் வரவில்லை.

நான்காவது பந்தை அவன் கையில் எடுத்தபோது பின்னால் குரல் கேட்டது.

"தள்ளுண்ணா."

சின்னவள் முகம் கழுவியிருந்தாள். கண் சிவந்திருந்தது. அண்ணியைப் பார்க்கவில்லை. வலைக்குப் பக்கத்தில் தன் பழைய இடத்தில் போய் நின்று, பிசியோவிடம், "எவ்வளவு உயரம் சார்?" என்றாள்.

"வலைக்கு மேல ஒரு முழம் போதும். மெதுவா."

மாமியார் நாற்காலி நுனிக்கு வந்தாள். கணவன் பந்தை அவளிடம் மெதுவாக வீசினான். சின்னவள் இரண்டு கைகளையும் நெற்றிக்கு மேல் கொண்டுபோனாள். பத்து விரல்களும் மலர்ந்தன. பந்து சத்தமே இல்லாமல் அவள் கையிலிருந்து எழும்பியது.

சுத்தியலின் வலது கை பின்னால் போனது. முழங்கை உயர்ந்தது. அந்த ஒரு கணம், ஆறு மாதத்துக்கு முன்பு ஜவ்வு கிழிந்தபோது கேட்ட 'டப்' சத்தம் மறுபடி அவள் தோளுக்குள் கேட்டது. தாடை இறுகியது. கையை நிறுத்திவிடலாமா என்று நினைத்தாள்.

நிறுத்தவில்லை.

பந்து உள்ளங்கையில் பட்டு, வலையைத் தாண்டி, தரையில் விழுந்து எகிறியது. பாதி வேகம்தான். பள்ளிக்கூடத்துப் பெண்கூட எடுத்துவிடுவாள். ஆனால் அந்தச் சத்தம்! காலியான ஹாலில் அது நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது.

"ஒண்ணு!" என்றாள் மாமியார்.

"வலி?"

"இல்ல சார்."

"ம். அடுத்தது."

இரண்டு. மூன்று. நான்காவதில் சுத்தியல் கொஞ்சம் வேகம் கூட்டினாள். "பாதி!" என்று பிசியோ அதட்டினார். ஐந்து. ஆறு. மாமியாரின் எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு படி உயர்ந்துகொண்டே போனது.

ஏழாவது பந்து. சின்னவளின் விரல்கள் நழுவின. பந்து பின்னால் போனது. அதே இடம். அதே ஒரு சாண்.

சின்னவள் "ஐயோ" என்று கண்ணை மூடிக்கொண்டாள். கணவனின் கை அந்தரத்தில் நின்றது.

சுத்தியலின் உடம்பு தானாக வளையத் தொடங்கியது. பதினைந்து வருடப் பழக்கம். எட்டாத பந்தை எட்டி அடித்துத்தான் அவள் அந்தப் பெயரை வாங்கியிருந்தாள். கை பாதி தூரம் போய்விட்டது.

அங்கேயே நின்றது.

கையை இறக்கினாள். பந்து அவளுக்குப் பின்னால் தொப்பென்று விழுந்து, மெல்ல உருண்டு, சுவரோரம் போய் நின்றது.

"இது எனக்கு வேண்டாம்" என்றாள் சுத்தியல். "வேற போடு."

 பிசியோ காகிதத்தில் ஏதோ எழுதினார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்து, "சபாஷ்" என்றார்.

"அடிக்காததுக்கா சபாஷ்?" என்றாள் மாமியார்.

"அதுக்குத்தான்மா."

சின்னவள் கண்ணைத் திறந்தாள். கீழே கிடந்த பந்தைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளங்கைகளைப் பேன்ட்டில் துடைத்தாள். அடுத்த பந்தை அவள் தூக்கிய அழகைச் சொல்லி மாளாது. அண்ணியின் கை எந்த இடத்துக்கு வருமோ அங்கே, அந்த விரல் அளவுக்கு, யாரோ நூல் கட்டித் தொங்கவிட்டது மாதிரி வந்து நின்றது.

"ஏழு!"

எட்டு, ஒன்பது, பத்து. பதினைந்தைத் தாண்டியபோது இருவருக்கும் பழைய தாளம் வந்துவிட்டது. தூக்குகிறவளின் மூச்சும் அடிக்கிறவளின் மூச்சும் ஒன்றாகக் கேட்டன. கணவன் பந்து பொறுக்குவதை மறந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றான். தான் தினமும் பக்கத்தில் படுத்து எழும் பெண்தானா இவள் என்று அவன் முகம் கேட்டது.

"இருபது!"

மாமியாரின் குரல் கூரைவரை போனது. அவள் எழுந்து நின்று கைதட்டினாள். ஒற்றை ஆள் தட்டிய அந்தக் கைதட்டல் அந்தப் பெரிய ஹாலுக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு மருமகளிடம் வந்து, வியர்வையில் ஒட்டியிருந்த நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"சுவத்துல கோடு போட ஆரம்பிச்ச மூணாவது வாரம், உன் விரல் என் இடுப்பு உயரத்துக்குத்தான் வந்துச்சு. அன்னிக்கு நான் கடைக்குப் போய் அழுதேன். உன்கிட்ட சொல்லல" என்றாள். "இன்னிக்குச் சொல்றேன். என் வயித்துல நீ பொறக்கலயேன்னு இப்பத்தான்டி தோணுது."

"அத்தை..." என்றாள் சுத்தியல். மாமியாரின் தோளில் தலையைச் சாய்த்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து சாய்வதற்கு அவள் நன்றாகவே குனிய வேண்டியிருந்தது.

பிசியோ கையெழுத்துப் போட்டார். "முதல் மாசம் குதிக்கறது கிடையாது. அடுத்த ரெண்டு மாசம் ஆட்டத்துல பாதி நேரம்தான். வலி வந்தா?"

"உடனே சொல்லணும்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்" என்றாள் சுத்தியல். வலையருகே நின்றவளையும் தன் கணவனையும் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள். அவனிடம் இன்றே உட்கார்ந்து பேச வேண்டியது ஒன்று இருந்தது.

* * *

நாலே முக்கால். காகிதத்தைப் படமெடுத்துக் கோச்சுக்கு அனுப்பியாகிவிட்டது. சுத்தியல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் வழக்கம்போல ஐஸ் பையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, தோளில் வைத்து, பட்டையை இழுத்துக் கட்டினாள். கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினாள்.

"பந்து தூக்கினேங்கறதால மன்னிச்சிட்டேன்னு நினைக்காதீங்க" என்றாள் தாழ்ந்த குரலில்.

"நினைக்கல."

"கொஞ்ச நாள் கோவமாத்தான் இருப்பேன்."

"இரு. ஆனா மூஞ்சியைப் பார்த்துக் கோவப்படு."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்கத் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் அவளுடைய ஃபோன் அடித்தது. கோச்.

அவள் சன்னல் பக்கம் நகர்ந்து பேசினாள்.

"சார்... ஆமா சார், நான்தான் தூக்கினேன்... வருவேன் சார், பழைய இடத்துக்கே வர்றேன். ஆனா ஒரு கண்டிஷன். எங்க அண்ணிக்கு எங்க வலிச்சாலும் உங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். அப்படின்னா தூக்கறேன்."

பெஞ்சிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சுத்தியலுக்கு மார்பு விம்மியது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், வலைக்குப் பக்கத்தில் பேசவே கூச்சப்பட்டு நின்ற அந்த ஒல்லிப் பெண்ணா இது! கோச்சிடமே நிபந்தனை போடுகிறாள். தன் கையெழுத்துக் காகிதத்தைவிட அதுதான் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஃபோனில் கோச் சிரித்தார். "போட்டாச்சு. லிஸ்ட்ல ரெண்டு பேரும் இருக்கீங்க. இன்னொரு விஷயம். முதல்ல இருந்து கடைசி வரைக்கும் களத்துல நிக்கிறவதான் கேப்டனா இருக்கணும். உங்க அண்ணியால இந்த வருஷம் அது முடியாது. நீ பழைய இடத்துக்கு வந்தா உன் பேர்தான்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன். கேப்டன் நீ. இதோ, அனுப்பிட்டேன். உங்க அண்ணிகிட்ட நீயே பக்குவமா சொல்லிடும்மா."

தொடர்பு துண்டிக்கப்பட்டது.

"என்னடி சொன்னார்?" மாமியார் இங்கிருந்தே கத்தினாள்.

சின்னவள் திரும்பினாள். எல்லோர் முகத்திலும் அவ்வளவு வெளிச்சம். நடுவில், ஐஸ் தண்ணீர் கையில் வழிய, அண்ணி அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் இருக்கோம்" என்றாள்.

மாமியார் மகனைக் கட்டிக்கொண்டாள். மகன் பிசியோவின் கையைப் பிடித்து விடாமல் குலுக்கினான்.

"என் கேப்டன் சட்டையைத் தேடி எடுக்கணும்" என்றாள் சுத்தியல். "மார்ல கோடு போட்டது. எந்தப் பெட்டியில கிடக்கோ. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, ரெண்டு பேருமா சேர்ந்து தேடலாம், வர்றியா?"

"ம்... வர்றேன் அண்ணி" என்ற சின்னவள், ஃபோனைக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.